எல்லார் பெயருக்கும் ஒரு விரல்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. அவளும் தன் பெயரில் அதிகம் எதையும் செய்துகொண்டவள் அல்ல. ஹட்டனில் நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் அவள் செய்த காரியங்களில் பாதி வேறு யாருடைய பெயரிலோதான் நடந்தன.

என் மகளின் புருவத்தோரம் இருந்த சின்னக் கட்டியைப் போன மாதம் எடுத்துவிட்டார்கள். தையலும் பிரித்தாயிற்று. இதை எழுதும்போது பக்கத்து அறையில் தன் பாட்டில் எதையோ தட்டிக்கொண்டு விளையாடுகிறாள். ஆனால் கட்டியை எடுப்பதற்கு முந்திய நாட்களில், இவள் நான் பெற்ற பிள்ளைதானா என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. பல வருடங்களாக நான் நினைத்தே பார்க்காத அவள்தான் அந்தப் பயம் பிறந்ததற்கும் காரணம், தீர்ந்ததற்கும் காரணம். அவளைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் உயிரியல் டியூசன் வகுப்பு ஒரு சாமான் கடையின் மேல்மாடியில் நடந்தது. தகரக் கூரை. மழை பிடித்தால் பாடம் நடத்தும் சேர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். இடாப்பில் பெயர் கூப்பிடும் நேரத்தில் மழை பெய்தால் அவளுக்குக் கொண்டாட்டம். பூண்டுலோயா பஸ் பிந்திவிட்டதா, யாராவது கடைக்குப் போய்விட்டார்களா, அவர்களுடைய பெயருக்கெல்லாம் இவளே "சேர்" என்பாள். மெல்லிய குரல், கனத்த குரல், சளி பிடித்த குரல் என்று ஆளுக்கொரு குரல் வைத்திருந்தாள். ஒருநாள் சேர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"எத்தன பேரும்மா ஒனக்குள்ள குடியிருக்காங்க?"

"மழ சத்தத்துல ஒங்களுக்கு அப்படிக் கேக்குது சேர்."

"சரி, அந்த சளி பிடிச்சவளுக்கு மருந்து வாங்கிக் குடு."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் வேறு யாருக்கோ மறுபடியும் "சேர்" என்றாள்.

போர்டிங்கில் அவளும் நானும் ஒரே அறை. வீட்டுக்காரி கோபக்காரி என்று சொல்ல முடியாது. ஆனால் எதுவும் உடைந்தால் யார் என்று தெரியாமல் விடமாட்டார். எங்களில் ஒருத்தி அவருடைய பூப்போட்ட தேநீர்க் கேத்தலின் மூக்கை உடைத்துவிட்டாள். இவள் போய் நின்று, தன் கைதான் வழுக்கிவிட்டது என்றாள்.

"கேத்தல் ஒடஞ்சது வெள்ளிக்கெழம," என்றார் வீட்டுக்காரி. "வெள்ளிக்கெழம நீ ஒங்க தோட்டத்துல இருந்த."

"அதுக்கு முந்தியே கொஞ்சம் வெடிச்சிருக்கும் அக்கா. அது நான்தான்."

வீட்டுக்காரி அவளையே இன்னொரு கேத்தல் வாங்கி வரச் சொன்னார். அவள் வாங்கி வந்தது முன்னதைவிட அழகாக இருந்தது என்பதில்தான் அவருக்கு அதிகக் கோபம்.

எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அவளோடு இருப்பது கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. நான் எதற்கும் பயப்படுகிறவள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். பரீட்சைத்தாளில் சரியான விடையை அழித்துப் பிழையாக எழுதுவேன். நூலகத்துப் புத்தகம் பிந்தினால், அங்கே போய் முகம் கொடுக்க முடியாமல் இவளை அனுப்புவேன். இவள் போவாள்; ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து, அந்த ஏச்சை நூலகர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டுவாள். நான் சிரிப்பேன். பிறகு எதற்குச் சிரித்தோம் என்று மனம் குறுகுறுக்கும்.

"ஒனக்குன்னு எப்பதான்டி செய்வ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இப்ப செய்றேனே. ஒன் பாணுல பாதிய சாப்புடுறேன்ல."

அவள் ஏன் இப்படி என்று அந்த வருட விடுமுறையில் அவள் வீடிருந்த தேயிலைத் தோட்டத்துக்கு நான் போயிருந்தபோது ஓரளவு புரிந்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். கேட்ட அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர்தான் விழும். அவளுடைய அம்மாவுக்கு மூட்டு வலி. ஏற்றத்தில் நின்று நின்றுதான் எடுப்பார். விடுமுறை நாட்களில் இவளும் மலைக்குப் போய், தான் எடுக்கும் கொழுந்தை அம்மாவின் கூடையில் போடுவாள். அம்மாவுக்கு நிறைந்துவிட்டது என்று தெரிந்தால், பக்கத்து நிரையில் பிள்ளை பெற்று வந்து முதல் நாள் வேலைக்கு நின்றவளின் கூடையில் ஒரு கை. அதற்கடுத்தவளுக்கு ஒரு கை. அந்த மலையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொழுந்து கூடைக்குக் கூடை மாறிக்கொண்டே இருந்தது.

நிறுக்கிற இடத்தில் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்டேன். என்னுடைய கேள்விகள் எப்போதும் இப்படித்தான்.

"தராசுக்கு யாரு கை தெரியப் போகுது? அது கொழுந்தத்தான நிறுக்குது," என்றாள்.

உயர்தரப் பரீட்சையில் மட்டும் யாரும் யாருக்காகவும் உட்கார முடியாது. அவள் சித்தியடைந்தாள், ஆனால் பல்கலைக்கழகம் போகிற அளவுக்கு வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் குறிப்பு எழுதிக்கொடுத்த நேரத்தில் தனக்குப் படித்திருக்கலாமே என்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நான் கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். முதலில் அடிக்கடி பேசினோம். அப்புறம் திருநாட்களுக்கு. அப்புறம் அவள் நம்பர் மாறியது, என் நம்பரும் மாறியது.

என் கணவரும் அதே டியூசன் வகுப்புத்தான். அப்போது நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பையன்கள் வரிசையில் உயரமாக, கடைசியில் உட்கார்ந்திருப்பார். பிற்பாடு அவர் வங்கியில் வேலையாகி, எனக்குப் பாடசாலையில் நியமனம் கிடைத்து, இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள். வீட்டார் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் தொலைபேசியில் குருதி வகை பார்த்தோம். உயிரியல் படித்தவர்களின் விளையாட்டு.

"நான் ஏபி," என்றார் அவர். "அபூர்வமான ரகம்."

என்னுடையது எனக்கு அப்போது தெரியாது; பிள்ளை உண்டானபோதுதான் கிளினிக்கில் ஓ என்றார்கள். அன்றைக்கே நான் கணக்குப் போட்டுவிட்டேன். தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு பரம்பரையலகைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். ஓ என்பது கூச்ச சுபாவம் உள்ளது. பக்கத்தில் ஏயோ பியோ இருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஏபி உள்ளவரிடம் ஏயும் பியும் இரண்டுமே வெளியே நிற்கின்றன. ஓ ஒளிய அங்கே இடமே இல்லை. ஆகவே எங்கள் பிள்ளைக்கு அவரிடமிருந்து ஏ வரும், இல்லாவிட்டால் பி வரும். என்னிடம் கொடுப்பதற்கு ஓவைத் தவிர வேறில்லை. பிள்ளை ஏ அல்லது பி. ஓ மட்டும் வரவே வராது.

தாய் ஓவாகவும் பிள்ளை வேறாகவும் இருந்தால் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கூடுதலாக வரக்கூடும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து வைத்திருப்பதில் இதுதான் கஷ்டம். மகள் பிறந்ததும் அவளைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் வரவில்லை. அப்போது சந்தோஷப்பட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

கட்டியைப் பார்த்த டொக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். கருவில் முகம் உருவாகும்போது இரண்டு பக்கமும் வந்து சேருகிற இடத்தில் தோலின் உயிர்க்கலங்கள் சில உள்ளே அகப்பட்டுவிடுமாம். அவை அங்கேயே இருந்துகொண்டு, தாங்கள் வெளியேதான் இருக்கிறோம் என்ற நினைப்பில் தோல் செய்கிற வேலையைச் செய்துகொண்டிருக்குமாம். எடுத்துவிட்டால் சரி. மயக்கம் கொடுக்க வேண்டும் என்பதால் இரத்தம் பார்க்கச் சொன்னார்.

ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி பார்த்தேன். ஓ பொசிட்டிவ்.

இரண்டாம் முறை பார்த்தேன். மகளின் பெயர்தான். வயது சரி. திரும்பிப் போய் கவுன்டரில் இருந்த நர்ஸ் மிஸ்ஸிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவர் உள்ளே போய்ப் பார்த்து வந்து, பிழையில்லை என்றார்.

வீடு வந்து சேரும்வரை என் மனம் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் பிரசவித்த வார்ட்டில் அடுத்த கட்டிலில் உடப்புசல்லாவை என்ற ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் பெண் பிள்ளை. இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகத்தான் நிறுக்கக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது என் பிள்ளையின் கையில் இருந்த பெயர்ப் பட்டி நனைந்திருந்தது என்று புதிதாகக் கட்டினார்கள். அன்றைக்கு அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது அந்தப் பட்டியைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. என் பிள்ளை எங்கோ ஒரு தோட்டத்து லய வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறாளா? மடியில் தூங்குகிற இவளை, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற இவளை, யாராவது வந்து கேட்பார்களா?

இதைவிட மோசமான நினைப்பு ஒன்று அதன் பின்னால் வந்தது. அவரும் உயிரியல் படித்தவர். இதே கணக்கு அவருக்கும் தெரியும். பிள்ளை மாறிவிட்டது என்று நான் நினைப்பதுபோலவே அவரும் நினைப்பார் என்று என்ன நிச்சயம்? ஒரு மனிதன் அந்த இடத்தில் முதலில் எதை நினைப்பான்?

அவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். பிறகு மடித்து அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தக் கிழமை முழுவதும் அவர் சரியாகப் பேசவில்லை. என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அவருடைய அம்மாவான மாமி வழக்கம்போல் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்த மூக்கு யாருதுன்னே தெரியலயே. எங்க பக்கமும் இல்ல, ஒங்கம்மா பக்கமும் இல்ல."

அவர் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். நூறு தடவையும் நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்குக் கையில் இருந்த தட்டைக் கழுவப்போவதுபோல் எழுந்து போய் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமி கோவிலுக்குப் போயிருந்தார். என் கணவர் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் காலடியில் மூடி ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள். இதற்குமேல் முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"கேக்க வேண்டியத கேட்ருங்க," என்றேன்.

"என்னத்த?"

"ஓ எப்படி வந்துச்சுன்னு."

அவர் துருவுவதை நிறுத்தினார். "நானும் அதத்தான் சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஏபி இல்ல," என்றார்.

"அப்ப என்ன?"

"தெரியாது. பாத்ததே இல்ல."

"டியூசன்ல பாத்தோம்னு சொன்னீங்களே. சேர் செய்முறை வகுப்பு வச்சாருன்னு."

"வச்சாரு. நீ காய்ச்சல்னு அன்னைக்கு வரல." அவர் தேங்காயைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆளுக்கொரு வெள்ளத் தட்டு குடுத்து, விரல்ல குத்தி மூணு சொட்டு வைக்கச் சொன்னாரு. எனக்கு ஊசின்னா ஆகாது. கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. பஞ்சு குடுத்துக்கிட்டு வந்தா ஒன் கூட்டாளி. என் மூஞ்சப் பாத்தா. ஒண்ணும் பேசல. அவ விரல்லதான் ஏற்கெனவே குத்தியிருந்துச்சே, அத அமுக்கி என் தட்டுல மூணு சொட்டு வச்சிட்டு போயிட்டா."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அப்ப அந்த ஏபி..."

"அவளோடது."

"இத்தன வருசமா எவளோ ஒருத்தியோட ரத்தத்த ஒங்க ரத்தம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களா?"

"எவளோ ஒருத்தி இல்லயே. ஒன் கூட்டாளிதான."

"சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்." அவர் உண்மையாகவே சிரிக்கவில்லை. "மொதல்ல பொய்தான்னு தெரியும். சொல்லிச் சொல்லி எனக்கே ஏபி மாதிரி ஆயிருச்சு. ரிப்போர்ட்ட பாத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. ஊசிக்குப் பயந்தவன்னு ஒன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் அந்தக் கிழமை முழுவதும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொன்னேன். பட்டி, அடுத்த கட்டில், அவருடைய மௌனம், எல்லாம். அவர் துருவலை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையெல்லாம் தேங்காய்ப் பூ. "அட கடவுளே," என்றார். "நான் வெக்கத்துல இருந்தேன்டி." பிள்ளை மூடியை அவர் தலையில் கவிழ்த்துப் பார்த்தாள்.

பிறகு அன்றைய வகுப்பை முழுதாகச் சொன்னார். ஊசிக்குப் பயந்தவர் அவர் மட்டுமில்லையாம். அந்த வரிசையில் பல பேருடைய தட்டில் அவள் சொட்டு வைத்தாளாம். மருந்து விட்டுக் கலக்கினால் ஏ பக்கமும் திரள்கிறது, பி பக்கமும் திரள்கிறது. தட்டுக்குத் தட்டு ஏபி. எங்குமே குறைவாகக் காணப்படுகிற வகை அது. சேருக்குத் தலை சுற்றியதாம்.

"என்னடா இது, மலையில ஏபி காடா வெளஞ்சிருக்கு," என்று சொல்லி, மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்துத் தன் விரலைக் குத்திப் பார்த்தாராம். அவருடையது சரியாக வந்ததாம். இன்னும் குழம்பினாராம். அவளோ பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். அவளுடைய தட்டைப் பார்த்து சேர் சொன்னாராம்: "நீ எல்லார்கிட்டயும் வாங்கிக்கலாம்மா. ஆனா ஒன் ரத்தம் இன்னொரு ஏபிக்குத்தான் சேரும்." அவள் "சரி சேர்" என்றாளாம்.

எனக்கு அப்போது அந்த மலைதான் கண்முன் வந்தது. அவளுக்கு அது ஒரு கை கொழுந்து. பயந்து நிற்கிற ஒருவனின் தட்டில் போட்டாள், அவ்வளவுதான். தேயிலையில் அந்தக் கணக்கு சரி. இரத்தம் மட்டும் யாருடையது என்பதை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எங்கள் எல்லோரையும்விட நன்றாக அந்தப் பாடத்தைப் படித்தவள் அவள்.

மறுநாள் அவரை ஹட்டனில் ஒரு லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். இரத்தம் எடுத்த பெண், "முடிஞ்சுது சேர், கண்ணத் தொறங்க," என்று கொச்சைத் தமிழில் சொன்னாள். அவர் திறக்கவில்லை. "பிள்ளைக்கா சேர் எடுக்க வந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். ரிப்போர்ட் வந்தது. ஓ பொசிட்டிவ். ஓவும் ஓவும் சேர்ந்தால் ஓவைத் தவிர வேறு வராது. மறுபடி ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றாள். நல்ல பெண், முகம் சுளிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குள் இன்னொரு கேள்வி தலைதூக்கியது. ஓ எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அடுத்த கட்டில் பிள்ளைக்கும் இருக்கலாம். இது பொருந்துகிறது என்பதைத் தவிர, நிச்சயம் என்று சொல்கிறதா? அதை மெதுவாக அவரிடம் சொன்னேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "சந்தேகம் வந்தது ஏபியால. ஏபியே இல்லன்னு ஆயிருச்சு. இனி நீயா ஒரு சந்தேகத்த தேடிப் போவாத," என்றார். சரி என்றேன். அன்றைக்கு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

டியூசன் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் எழுதினேன்: அன்றைய குருதி வகைச் செய்முறையில் தன் சொந்த விரலைக் குத்தாதவர்கள் தயவுசெய்து போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள், விபத்து ஏதும் நடந்தால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று. முதலில் ஒருவன் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டான். அடுத்தவன், தானும்தான் என்றான். கொழும்பில் இருக்கிற ஒருவன் எழுதியது இது: "ரத்ததானம் பண்ணப் போன எடத்துல பி-ன்னு சொன்னாங்க. நான் ஏபி, ஒங்களுக்குத்தான் பாக்கத் தெரியலன்னு சண்ட போட்டுட்டு வந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மறுபடி போறது?"

அவள் அந்தக் குழுவில் இல்லை. யாரோ தேடி அவள் நம்பரைத் தந்தார்கள். பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார்கள். அம்மாமார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற இடம். அவளுக்கு வேறு என்ன வேலை பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன்.

எடுத்ததும் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"என்னாடி, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? இரு, ஒருத்தன் செருப்பத் திங்கிறான்." போய் வந்தாள். "சொல்லு."

நான் நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பட்டியைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"அடிப்பாவி. நான் இப்படியெல்லாம் வரும்னு நெனைக்கவே இல்லடி. அவன் அன்னைக்கு விழுந்துருவான் போல இருந்தான். நெடுமரம் மாதிரி ஒருத்தன் விழுந்தா யாரு தூக்குறது?"

"ஒன்மேல கோவம் இல்ல."

"கோவப்படு. நல்லாக் கோவப்படு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு." பின்னால் அழுத ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்னாள். "இங்க வந்தப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்துச்சு. புள்ளைங்க சில நேரம் என்னைய அம்மான்னு கூப்புடும். நான் திரும்ப மாட்டேன். அக்கான்னு கூப்புடுற வரைக்கும் திரும்ப மாட்டேன். சாயங்காலம் அதோட அம்மா சேறும் மழையுமா வந்து நிப்பா. அவளுக்குன்னு இருக்கறது அந்த ஒரு வார்த்ததான்."

கட்டியைப் பற்றிக் கேட்டாள். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "பாவம், எங்க நிக்கணும்னு தெரியாம உள்ள நின்னுருச்சு," என்றாள் அந்தக் கலங்களைப் பற்றி.

எனக்குப் பெரிய பயம் இனித்தான் இருந்தது. ஒபரேஷன் தியேட்டர் வாசல்வரை தாய் கொண்டுபோகலாம். அங்கே பிள்ளையை மிஸ்ஸின் கையில் கொடுத்துவிட வேண்டும். நான் நடுங்கினால் பிள்ளை பயந்துவிடும். அவளிடம் கேட்டேவிட்டேன்.

"நீ வந்து குடுக்குறியா? புள்ளைங்க ஒன்கிட்ட அழாதுதான. என்னால ஏலாதுடி."

என் வாழ்க்கையில் அவள் மறுத்து நான் கேட்டதில்லை. "வாறேன்," என்றாள்.

வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. என் மகள் அவளைப் பார்த்த உடனே அவள் பையைத் திறக்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி வராந்தா வாங்குப் பலகையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். மருந்து வாசனை அவருக்கு ஆகாது.

"ஏபி தொர, தலைய சுத்துதா?" என்று அவள் அங்கிருந்தே கேட்டாள். அவர் கையைக் கூப்பினார்.

அவள் பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஏதோ கதை சொன்னாள். பிள்ளை சிரித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்படியே இவள் எழுந்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

கதவு திறந்தது. முகத்தை மறைத்துப் பச்சை உடுப்புப் போட்ட மிஸ் ஒருவர் என் மகளின் பெயரை வாசித்தார். பிறகு கேட்டார்:

"அம்மா யாரு?"

நான் அவளைப் பார்த்தேன். மழைக்கூரையின் கீழ் எத்தனையோ பெயர்களுக்கு உடனே பதில் சொன்ன வாய் அது. அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பிள்ளையின் காலுறையை இழுத்துச் சரி செய்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, கைகளைத் தன் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

மிஸ் மறுபடி கேட்டார்.

"நான்," என்றேன்.

எழுந்து போனேன். வாசலில் பிள்ளை என் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களை நானே விடுவித்தேன். மிஸ் வாங்கிக்கொண்டு ஏதோ சிங்களத்தில் கொஞ்சியபடி உள்ளே போனார். கதவு மூடியது. அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தோளில் கிடந்த துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஏன்டி நீ எந்திரிக்கல?" என்று கேட்டேன்.

"அவுங்க கேட்டது அம்மாவதான," என்றாள்.